கூலிங் கிளாஸ் லென்ஸில் லோகோ: எடுப்பதா, மறைப்பதா, லென்ஸையே மாற்றுவதா?

ஃபிரேம் முகத்துக்குப் பொருந்துகிறது, லென்ஸ் நிறமும் பிடித்திருக்கிறது. மூலையில் இருக்கும் அந்த வெள்ளை எழுத்து மட்டும் உறுத்துகிறது. ஒரு கம்பெனியின் பெயரை முகத்தில் ஒட்டிக்கொண்டு திரியச் சிலருக்கு இஷ்டமில்லை. சிலருக்கு நிச்சயதார்த்த போட்டோவில் அது பளிச்சென்று தெரிந்துவிடுமே என்ற கவலை. இன்னும் சிலரிடம் இருப்பது ஏதோ ஒரு விழாவில் இலவசமாகக் கொடுத்த கண்ணாடி, லென்ஸின் நடுவிலேயே பெயர் அச்சடித்தது.

இதை எப்படி எடுப்பது என்று நாலு பேரிடம் கேட்டால் பற்பசை, நெயில் பாலிஷ் ரிமூவர், தின்னர், அழிரப்பர் என்று நாலு பதில் வரும். யாரும் பொய் சொல்லவில்லை, ஒவ்வொன்றும் எங்கோ ஒரு லென்ஸில் பலித்திருக்கும். ஆனால் லென்ஸுக்கு லென்ஸ் பொருள் வேறு, பூச்சு வேறு, லோகோவைப் பதித்த விதமும் வேறு. இந்த மூன்றும் தெரியாமல் தேய்க்க ஆரம்பித்தால் லோகோ போகிறதோ இல்லையோ, லென்ஸ் போய்விடும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லோகோ லென்ஸின் மேல் உட்கார்ந்திருந்தால் பொறுமையாக எடுத்துப் பார்க்கலாம். லென்ஸுக்குள் வெட்டப்பட்டிருந்தால் எடுக்க முடியாது. அப்படியே விடுவது, மறைப்பது, லென்ஸை மாற்றுவது என்று மூன்று வழிதான் மிச்சம்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதல் அளவுகோல் பார்வை. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான். லென்ஸ் கண்ணிலிருந்து ஒன்றேகால் சென்டிமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. சாலையைப் பார்க்கும்போது அவ்வளவு பக்கத்தில் இருக்கும் எதையும் கண்ணால் கூர்மையாகப் பார்க்க முடியாது. அதனால் மூலையில் இருக்கும் சின்ன லோகோ பார்வையை மறைப்பதில்லை. பெரும்பாலானவர்களுக்கு அது இருப்பதே தெரியாது. அதைத் தேய்த்து எடுத்த இடத்தில் உண்டாகும் மங்கல் திட்டு அப்படியல்ல. நுண்ணிய கீறல்கள் வெளிச்சத்தைச் சிதறடிக்கும். சாயங்கால வெயில் எதிரே அடிக்கும்போது வண்டி ஓட்டினால் அந்தத் திட்டு வெள்ளையாகப் பூத்து நிற்கும்.

இரண்டாவது, லென்ஸின் பூச்சுகள். கீறல் தடுக்கும் ஹார்டு கோட்டிங்கின் தடிமன் சில மைக்ரான்தான், ஒரு தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட வராது. கண்ணாடிபோல் பளபளக்கும் மிரர் கோட்டிங் அதைவிடவும் மெல்லியது. இவை ஒரு தடவை போனால் வீட்டில் திரும்பப் பூச வழியில்லை.

மூன்றாவது, செய்த பிறகு மனம் மாறினால் பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா என்பது. நான்காவது செலவு. கைக்காசு மட்டும் செலவல்ல, கண்ணாடியின் மறுவிற்பனை மதிப்பும் வாரண்டியும் இதில் சேரும். கடைசியாக, லோகோ போன பிறகு அதன் நிழல் தெரியுமா என்பதையும் பார்க்க வேண்டும். எழுத்து போய், எழுத்தின் வடிவில் ஒரு தடம் மட்டும் நின்றுவிட்டால் அது முன்னைவிட அசிங்கம்.

## லோகோ எந்த வகை?

மொபைல் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்து, லோகோமேல் விரல் நகத்தை மெதுவாக ஓட்டுங்கள்.

நகத்தில் ஓரம் தட்டி, விளிம்பு லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தால் அது ஸ்டிக்கர். 'யூவி 400' (புற ஊதாக் கதிரைத் தடுப்பது), 'போலரைஸ்டு' (சாலையிலும் தண்ணீரிலும் பட்டுத் தெறிக்கும் கூசலைக் குறைப்பது) என்று புதுக் கண்ணாடியில் இருப்பவை பெரும்பாலும் இந்த ரகம். கழற்றுவதற்காகவே ஒட்டியவை. சிலர் மாதக்கணக்கில் அதோடே போட்டுக்கொண்டு திரிகிறார்கள்.

நகத்துக்கு லேசாக மேடு தட்டுப்பட்டு, வெள்ளையோ பொன்னிறமோ ஒளி ஊடுருவாமல் அடர்த்தியாக இருந்தால் அது அச்சு. சிலிகான் குமிழால் மையை ஒற்றி எடுத்து லென்ஸில் பதிக்கும் பேட் பிரிண்டிங் முறையில் வருவது. மலிவான மை நகத்துக்கே உரிந்து வரும். நல்ல கம்பெனிகள் மையோடு ஹார்டனர் கலப்பதால் அது இறுகி, ஸ்பிரிட்டுக்கும் அசையாது.

மேடே இல்லாமல், பனி படிந்ததுபோல் மங்கலாக, சில கோணங்களில் மட்டும் தெரிந்தால் அது லேசர் செதுக்கல். ரே-பான் கண்ணாடிகளில் இந்த இரண்டு வகையையும் சேர்த்தே பார்க்கலாம். ஒரு லென்ஸின் மேல்மூலையில் வெள்ளை எழுத்தில் பெயர் அச்சாகியிருக்கும், இன்னொரு லென்ஸில் கீல் பக்கத்தில் 'ஆர்பி' என்று பொடியாகச் செதுக்கியிருக்கும். வெள்ளை எழுத்தைக் கஷ்டப்பட்டு எடுத்தாலும் 'ஆர்பி' அங்கேயேதான் இருக்கும்.

மிரர் லென்ஸில் இன்னொரு வகையும் உண்டு. லோகோ வடிவில் மிரர் பூச்சையே லேசரால் நீக்கியிருப்பார்கள். அங்கே எடுப்பதற்கு எதுவும் இல்லை, லோகோவே ஒரு வெற்றிடம்தான். அது மறைய வேண்டுமானால் லென்ஸ் முழுவதும் மிரரை உரிக்க வேண்டும்.

பவர் போட்ட கண்ணாடிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே லென்ஸில் பவர் படிப்படியாக மாறும் புரோகிரசிவ் லென்ஸில் 34 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு சின்னக் குறிகளும், பக்கத்தில் ஒரு எண்ணும் மிக மெல்லிசாகச் செதுக்கப்பட்டிருக்கும். சில கம்பெனிகளின் முத்திரை வாயால் ஊதினால் மட்டும் தெரியும். இவற்றைத் தொடவே கூடாது. லென்ஸ் சரியாகப் பொருத்தப்பட்டிருக்கிறதா என்று கடைக்காரர் சரிபார்ப்பது அந்தக் குறிகளை வைத்துத்தான்.

## லென்ஸ் எந்தப் பொருள்?

நகத்தால் சுண்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டு, தொட்டால் சில்லென்று இருந்து, கையில் கனமாகவும் இருந்தால் நிஜக் கண்ணாடி. மற்றதெல்லாம் பிளாஸ்டிக், அதில்தான் சிக்கல். ஸ்போர்ட்ஸ் கண்ணாடிகளில் அதிகம் இருப்பது பாலிகார்பனேட். ஆப்டிகல்ஸ் கடையில் போடும் சாதாரணக் கலர் லென்ஸ் சிஆர்-39. நடைபாதையில் கிடைக்கும் மலிவுக் கண்ணாடிகளில் அக்ரிலிக் அதிகம். மலிவான போலரைஸ்டு லென்ஸ்கள் டிஏசி என்ற செல்லுலோஸ் டிரைஅசிடேட் படலங்களை அடுக்கி ஒட்டியவை.

போலரைஸ்டா இல்லையா என்று தெரிய லேப்டாப் திரைமுன் பிடித்துச் சுழற்றினால் போதும். ஒரு கோணத்தில் திரை இருண்டுவிட்டால் போலரைஸ்டு.

பொருளைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் பாலிகார்பனேட் என்றே வைத்துக்கொண்டு ஜாக்கிரதையாக இருங்கள். விலை மிக மலிவு என்றால் அக்ரிலிக்காக இருக்கலாம் என்றும் சந்தேகப்படுங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | எந்த லோகோவுக்கு | லென்ஸுக்கு ஆபத்து | மனம் மாறினால் | கண்ணுக்குத் தெரியாத செலவு |
|---|---|---|---|---|
| அப்படியே விடுவது | எல்லாம் | இல்லை | பிரச்சினை இல்லை | இல்லை |
| மறைப்பது | அச்சு. செதுக்கலுக்குத் தற்காலிகம் | மிகக் குறைவு | துடைத்துவிடலாம் | அவ்வப்போது திரும்பச் செய்ய வேண்டும் |
| மென்மையாக எடுப்பது | ஸ்டிக்கர், மலிவு அச்சு | குறைவு. அக்ரிலிக்கில் அதிகம் | முடியாது | மறுவிற்பனை மதிப்பு, வாரண்டி |
| தேய்ப்பது, கரைப்பது | அச்சு | மிக அதிகம் | முடியாது | பெரும்பாலும் லென்ஸே |
| லென்ஸ் மாற்றுவது | எல்லாம் | இல்லை | பழைய லென்ஸை வைத்திருந்தால் முடியும் | நிறம், யூவி, வளைவு பொருந்தாமல் போவது |

## அப்படியே விடுவது

லோகோ மூலையில் இருந்து, கண்ணாடியும் விலை கூடியது என்றால் நான் பெரும்பாலும் இதைத்தான் சொல்வேன். பழைய கண்ணாடி என்றால் இன்னும் அழுத்திச் சொல்வேன். ரே-பான் 1937-ல் அமெரிக்காவின் பாஷ் அண்ட் லாம் கம்பெனியில் பிறந்த பெயர். 1999-ல் இத்தாலியின் லக்சோட்டிகா அதை வாங்கியது. அதற்கு முந்தைய லென்ஸ்களில் 'ஆர்பி' இருக்காது, 'பிஎல்' என்று செதுக்கியிருக்கும். தாத்தாவின் பெட்டியிலிருந்து எடுத்த கண்ணாடியில் அந்த இரண்டு எழுத்து இருந்தால், சேகரிப்பவர்கள் முதலில் தேடிப் பார்ப்பது அதைத்தான். அதன்மேல் கை வைக்காதீர்கள்.

## மறைப்பது

பலருக்குத் தோன்றாத வழி இது. அடர்ந்த சாம்பல் நிற லென்ஸில் வெள்ளை அச்சு இருந்தால், நுனி மெல்லிய கருப்பு பெர்மனென்ட் மார்க்கரால் எழுத்தின்மேல் மட்டும் தடவிவிடுங்கள். அச்சு மை மார்க்கரை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். பக்கத்து வழவழப்பான லென்ஸில் வழிந்தது காய்வதற்குள் துணியால் ஒற்றினால் வந்துவிடும். இரண்டடி தள்ளி நிற்பவருக்கு எழுத்து தெரியாது. வேண்டாம் என்றால் கொஞ்சம் ஸ்பிரிட் போதும் (அக்ரிலிக் லென்ஸில் மட்டும் ஸ்பிரிட் கூடாது), வெள்ளை திரும்ப வந்துவிடும். இந்த வழியில் எதையும் இழப்பதில்லை என்பதால் கெமிக்கலைத் தொடும் முன் இதைச் செய்து பாருங்கள்.

இதன் குறை, பிரவுன் லென்ஸிலும் கீழே போகப்போக வெளுக்கும் கிரேடியன்ட் லென்ஸிலும் கருப்பு எழுத்து துருத்தித் தெரிவது. மிரர் லென்ஸில் சுத்தமாக எடுபடாது. வியர்வையிலும் துடைப்பதிலும் மை நாளடைவில் கரையும், திரும்பத் தடவ வேண்டிவரும்.

செதுக்கிய லோகோவுக்குப் போட்டோ எடுக்கும் நேரத்துக்கு மட்டும் ஒரு உபாயம் உண்டு. விரல் நுனியில் துளி தேங்காய் எண்ணெய் தொட்டு எழுத்தின்மேல் வைத்து, மீதியைத் துடைத்துவிடுங்கள். பள்ளங்களில் எண்ணெய் நிரம்பினால் வெளிச்சம் சிதறுவது குறைந்து எழுத்து பெரும்பாலும் மங்கிவிடும். எண்ணெய் ஒட்டாத பூச்சுள்ள லென்ஸில் இது சரியாக வராது. எண்ணெய்க்குப் பதில் நிறமில்லாத நெயில் பாலிஷ் தடவினால் நிரந்தரமாகப் போய்விடுமே என்று தோன்றும். செய்யாதீர்கள், அதில் இருக்கும் கரைப்பான் பாலிகார்பனேட்டைப் பொரிய வைத்துவிடும்.

## மென்மையாக எடுப்பது

ஸ்டிக்கருக்கும் மலிவு அச்சுக்கும் பொருந்துவது.

முதலில் குழாய்த் தண்ணீரில் லென்ஸைக் காட்டித் தூசி போகக் கழுவுங்கள். காய்ந்த தூசியோடு துடைத்தால் அந்தத் தூசியே மணல்தாள் வேலை செய்யும். பிறகு பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் ஒரு சொட்டு, வெதுவெதுப்பான தண்ணீர். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம். சூட்டில் பிளாஸ்டிக் விரியும், மேலே இருக்கும் பூச்சு அந்த அளவுக்கு விரியாது, விளைவு சிலந்தி வலைபோல் விரிசல். வெயிலில் நிறுத்திய கார் டேஷ்போர்டில் வைத்த கண்ணாடிக்கும் இதேதான் நடக்கிறது.

ஸ்டிக்கரை உரித்த பிறகு பிசின் நின்றால் தேங்காய் எண்ணெய் தடவிப் பத்து நிமிடம் ஊறவிட்டு, பஞ்சால் வழித்து, சோப்பு போட்டுக் கழுவினால் போய்விடும்.

அச்சு என்றால், மருந்துக் கடையில் கிடைக்கும் 70 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பயன்படுத்தலாம். பட்ஸில் தொட்டு, லென்ஸின் ஓரத்தில் ஃபிரேமை ஒட்டிய கண்ணுக்குப் படாத இடத்தில் முதலில் வையுங்கள். கால் மணி நேரம் பொறுத்து, டார்ச் அடித்துப் பார்த்து, மங்கலோ மயிரிழை விரிசலோ இல்லை என்றால் மட்டும் லோகோவுக்கு வாருங்கள். பாலிகார்பனேட்டும் சிஆர்-39-ம் இதைத் தாங்கும். அக்ரிலிக் தாங்காது, ஆல்கஹால் பட்டால் அதில் விரிசல் ஓடும். டிஏசி போலரைஸ்டு லென்ஸை ஆல்கஹாலில் ஊறப்போடவே கூடாது. ஓரம் வழியாக உள்ளே இறங்கி அடுக்குகளைப் பிரித்துவிடும்.

நனைந்த பட்ஸை லோகோமேல் ஒரு நிமிடம் அப்படியே அழுத்திப் பிடியுங்கள், தேய்க்க வேண்டாம். அப்புறம் மரப் பல்குத்தியைப் படுத்த வாக்கில் வைத்து எழுத்தின் ஓரத்திலிருந்து தள்ளுங்கள். மை சுருண்டு வந்தால் தொடரலாம். நாலைந்து தடவை வைத்தும் ஓரம்கூட அசையவில்லை என்றால் அது ஹார்டனர் கலந்த மை. அங்கே நிறுத்திக்கொண்டு மார்க்கரை எடுங்கள்.

கம்பெனி வாரண்டி இருக்கும் கண்ணாடி என்றால், இதைச் செய்த பிறகு லென்ஸில் வேறு கோளாறு வந்தாலும் உங்கள் கைவேலையைக் காட்டித் தட்டிக்கழிப்பார்கள். விற்க நினைத்தாலும், லோகோ இல்லாத பிராண்ட் கண்ணாடியைப் போலி என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

## தேய்ப்பதும் கரைப்பதும்

இதை நான் யாருக்கும் சொல்வதில்லை. ஆனால் அதிகம் பேர் செய்வது இதைத்தான் என்பதால் ஒவ்வொன்றும் என்ன செய்யும் என்று சொல்லியாக வேண்டும்.

பற்பசையில் பல்லைத் தேய்ப்பதற்கான நுண்துகள்கள் இருக்கின்றன. பித்தளை, பாத்திர பாலிஷ்களிலும் அப்படியே. அவை மையை மட்டும் தேடிப் பிடித்து எடுப்பதில்லை, பக்கத்தில் இருக்கும் ஹார்டு கோட்டிங்கையும் சேர்த்துச் சுரண்டும். தேய்க்கும்போது ஈரத்தில் லென்ஸ் தெளிவாகத் தெரிவதால் எல்லாம் சரியாக வருகிறது என்று தோன்றும். காய்ந்ததும் பார்த்தால் லோகோவைவிட மூன்று மடங்கு பெரிய மங்கல் வட்டம் இருக்கும்.

நெயில் பாலிஷ் ரிமூவரில் பெரும்பாலும் அசிட்டோன். பாலிகார்பனேட்டில் பட்டால் அந்த இடம் வெளுத்து, பொரிந்து, விரிசல் விடும். 'அசிட்டோன் இல்லாதது' என்று எழுதியதை வாங்கினால் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். அவற்றில் பல எத்தில் அசிட்டேட் கலந்தவை, அதுவும் பாலிகார்பனேட்டைத் தாக்கும். சிஆர்-39 லென்ஸும் நிஜக் கண்ணாடியும் அசிட்டோனைத் தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் ஃபிரேம் தாங்குமா? தடித்த பிளாஸ்டிக் ஃபிரேம்கள் பல செல்லுலோஸ் அசிட்டேட்டால் ஆனவை, அசிட்டோன் பட்ட இடம் பிசுபிசுவென்று இளகிவிடும். பெயின்ட் கடைத் தின்னரும் பெட்ரோலும் இதே கதை.

கண்ணாடியில் டிசைன் பொறிக்க விற்கும் எட்சிங் கிரீமைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். அது புளோரைடு உப்புகள் கொண்டது, தோலில் பட்டால் ஆழமாகப் புண்ணாக்கும் வகை. மூக்கின்மேல் போடும் பொருளுக்கு அதைக் கொண்டுவர வேண்டாம்.

இதில் ஒரே விதிவிலக்கு பூச்சு எதுவும் இல்லாத, கலர் முழுவதும் கண்ணாடிக்குள்ளேயே இருக்கும் நிஜக் கண்ணாடி லென்ஸ். அதைக் கழற்றி வைத்து அசிட்டோனால் அச்சைத் துடைக்கலாம். கழற்றத் தெரியாவிட்டால் ஆப்டிகல்ஸ் கடையில் கொடுங்கள்.

## லென்ஸையே மாற்றுவது

செதுக்கிய லோகோவுக்கு உருப்படியான வழி இது ஒன்றுதான். பவர் கண்ணாடி போடுகிறவர்களுக்கு இதுதான் மிக நல்ல வழி. எப்படியும் அந்த ஃபிரேமில் பவர் லென்ஸ் போடக் காசு கொடுக்கத்தான் போகிறீர்கள், லோகோ தானாகவே போய்விடும். பவர் இல்லாதவர்களுக்கும் சாதாரணக் கலர் லென்ஸை ஃபிரேம் அளவுக்கு வெட்டிப் போட்டுத் தருவார்கள். சிஆர்-39 மலிவு, சாயத்தில் முக்கி வேண்டிய நிறம் ஏற்றலாம். போலரைஸ்டு கேட்டால் விலை கணிசமாக ஏறும்.

கடைக்குப் போகும் முன் சில விஷயங்கள். அதே கம்பெனியின் ஒரிஜினல் லென்ஸை ஆர்டர் செய்தால் அதே லோகோவோடுதான் வரும். அதனால் வெளி லென்ஸ்தான் கேட்க வேண்டும்.

அடுத்தது வளைவு. முகத்தைச் சுற்றி வளையும் ஸ்போர்ட்ஸ் கண்ணாடிகள் பெரும்பாலும் 8 பேஸ் வளைவில் (இந்த எண் கூடக்கூட லென்ஸின் வளைவு அதிகம்) இருக்கும். அதில் தட்டையான லென்ஸை அமுக்கி வைத்தால் ஃபிரேம் முறுக்கிக்கொள்ளும், இல்லையென்றால் ஒருநாள் லென்ஸ் தெறித்து விழும். "இதே பேஸ் கர்வ் கிடைக்குமா?" என்று கேளுங்கள். கடைக்காரர் வளைவை அளக்காமலேயே சரி என்று சொன்னால் வேறு கடை பாருங்கள். இரண்டு கண்ணுக்கும் சேர்த்து ஒரே துண்டாக இருக்கும் ஷீல்டு லென்ஸை உள்ளூர்க் கடையில் வெட்ட முடியாது.

நிறத்தை 'இதே கருப்பு' என்று கண்ணால் பொருத்த விடாதீர்கள். ஃபிரேமின் காதுக்கம்பி உள்பக்கத்தில் 0 முதல் 4 வரை ஓர் எண் இருக்கிறதா என்று பாருங்கள். 3 என்றால் 8 முதல் 18 சதவீத வெளிச்சத்தை உள்ளே விடும், வெயிலுக்கும் வண்டி ஓட்டவும் அதுதான் பொருத்தம். 4 என்றால் 3 முதல் 8 சதவீதம்தான், அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது. ரே-பானின் பச்சை கலந்த ஜி-15 லென்ஸின் பெயரில் இருக்கும் 15-ம் இதே கணக்குதான், 15 சதவீத வெளிச்சம் உள்ளே வரும் என்று அர்த்தம்.

பழைய லென்ஸ் இரண்டையும் மறக்காமல் கேட்டு வாங்கி, துணியில் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். விற்கும்போது திரும்பப் போட்டுக் கொடுக்கலாம்.

## யாருக்கு எது

பவர் உள்ளவர், செதுக்கிய லோகோ: லென்ஸை மாற்றுங்கள், யோசிக்கவே வேண்டாம்.

விலை கூடிய பிராண்ட், அடர் சாம்பல் லென்ஸ், வெள்ளை அச்சு: மார்க்கர்.

மிரர் லென்ஸ்: எந்த வகை லோகோவாக இருந்தாலும் அப்படியே விடுங்கள். ரொம்ப உறுத்தினால் நல்ல நிலையில் இருக்கும்போதே விற்றுவிட்டு லோகோ இல்லாததை வாங்குங்கள்.

இரண்டு சக்கர வண்டிக்காரர்: மூலை லோகோவைத் தேய்த்து மங்கலாக்கிய கண்ணாடியோடு எதிர்வெயிலில் ஓட்டாதீர்கள். ஏற்கெனவே தேய்த்துவிட்டீர்கள் என்றால், லென்ஸ் மாற்றும்வரை வண்டிக்கு வேறு கண்ணாடி போடுங்கள்.

இலவசமாக வந்த கண்ணாடி, நடு லென்ஸில் பெயர்: அச்சை எடுக்க மெனக்கெடும் முன்னால் அதை ஒரு ஆப்டிகல்ஸ் கடைக்கு எடுத்துப்போய் யூவி மீட்டரில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், ஒரு நிமிட வேலை. யூவி தடுக்காத கருப்பு லென்ஸுக்குப் பின்னால் கண்மணி விரிந்து, கூடுதல் யூவி உள்ளே போக வழிவிடும். அதனால் மீட்டரில் தேறாவிட்டால் லோகோவைப் பற்றிய பேச்சே வேண்டாம். ஃபிரேம் பிடித்திருந்தால் நல்ல லென்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், பிடிக்காவிட்டால் தூக்கிப் போட்டுவிடுங்கள். குழந்தைகள் விளையாடக்கூட அதைக் கொடுக்க வேண்டாம்.